கையெழுத்துக்கு அப்புறம்: வாசகர் கேள்வி பதில்

போன இதழின் கடைசியில் ஒரு வரி கேட்டு வைத்தேன்: ‘உங்கள் தொழிலைச் சேர்ந்தவர் என்று உங்களுக்கே எப்போது தோன்றியது?’ இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. நான் நாற்பது வருடம் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவன். சுருக்கமாகச் சொன்னால், கட்டடத்துக்குக் கம்பிக்கணக்கு போடுகிற ஆள். எல்லாத் தொழிலுக்கும் நியாயம் சொல்கிற இடத்தில் நான் இல்லை. என் ஜன்னலிலிருந்து தெரிவதைச் சொல்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று பாதிப் பேர் எழுதியிருந்ததால் யார் பெயரையுமே போடவில்லை.

வேலை, உத்தியோகம், தொழில். மூன்றும் ஒன்றுதானே? எதற்கு இத்தனை விவாதம்?

சம்பளம் வாங்குகிற அன்றைக்கு மூன்றும் ஒன்றுதான். வித்தியாசம் தெரிவது வெளியே அனுப்பும்போது. வேலையிலிருந்து ஒருவரை அனுப்ப முதலாளி ஒருவர் போதும். தொழிலிலிருந்து அனுப்ப வேண்டுமென்றால், அதே தொழில் செய்கிற நாலு பேர் கூடி உட்கார்ந்து, அவர் செய்ததைப் பிரித்துப் பார்த்து, ‘இவர் இனி இதைச் செய்யக் கூடாது’ என்று சொல்ல வேண்டும். நம் ‘தொழில்’ என்ற சொல் கடை நடத்துவதற்கும் வரும், கைவினைக்கும் வரும், மருத்துவத்துக்கும் வரும். நான் இங்கே பேசுவது ஆங்கிலத்தில் ‘புரொஃபஷன்’ என்கிறார்களே, அதை. அதன் லத்தீன் வேருக்கு ‘எல்லோர் முன்னிலையிலும் அறிவித்தல்’ என்று பொருள். முதலில் துறவிகள் எடுத்துக்கொண்ட உறுதிமொழிக்குத்தான் அந்தச் சொல் இருந்தது. வைத்தியரும் வக்கீலும் அதற்குள் வந்து சேர்ந்தது பிற்பாடு.

டிகிரி வாங்கி மூன்று வருடம் ஆகிறது. ஒரு டிசைன் ஆபீஸில் இருக்கிறேன். யாராவது ‘என்ன பண்றீங்க?’ என்று கேட்டால் ‘இன்ஜினியர்’ என்று சொல்ல நாக்கு கூசுகிறது. ‘இன்ஜினியரிங் ஆபீஸில் வேலை’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறேன். இந்தக் கூச்சம் எப்போது போகும்?

எனக்கு எந்த நாள் போனது என்று சரியாகச் சொல்ல முடியும். அது பெருமைப்படுகிற நாள் இல்லை.

எனக்கும் அப்போது மூன்றாவது வருடம். நாலு மாடிக் குடியிருப்பு ஒன்றுக்கு பால்கனி டிராயிங் என் கையில். சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பலகை அது. ஒரு பக்கம்தான் பிடிப்பு, மறு நுனி அந்தரத்தில். ஆள் ஏறி நின்றால் நுனி கீழே வளையப் பார்க்கும். அப்போது மேல்முகம் இழுபடும். கான்கிரீட் அமுக்கினால் தாங்கும், இழுத்தால் விரிந்துவிடும். அதனால் மெயின் கம்பி மேல்முகத்தில் ஓட வேண்டும். இது கல்லூரியில் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடங்களில் ஒன்று. கணக்கிலும் நான் சரியாகத்தான் போட்டிருந்தேன். வெட்டுத்தோற்றம் வரையும்போது, பக்கத்து அறை ஸ்லாபின் பழக்கத்தில் (இரண்டு பக்கமும் பிடிப்புள்ள அதில் மெயின் கம்பி கீழேதான் ஓடும்), கம்பியைக் கீழே வரைந்துவிட்டேன். என் பெரியவர் (ஆபீஸ் தலைவர், நாங்கள் ‘சார்’ என்று மட்டும் சொல்வோம்) பார்த்துக் கையெழுத்துப் போட்டார். படம் சைட்டுக்குப் போய்விட்டது.

பத்து நாள் கழித்து சைட்டுக்குப் போயிருந்தேன். இரண்டாவது மாடிக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்த மேஸ்திரி, புதிதாக வந்தவர், படத்தைச் சாரத்துக் கம்பில் தொங்கவிட்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “தம்பி, ஒரு சந்தேகம். இது தொங்குற கையாச்சே, மேல்பக்கம்தானே கிழியும்? படத்துல கம்பி கீழ இருக்கே?” என்றார்.

எனக்குக் காது அடைத்துவிட்டது. “ஆமாங்க, படத்தில் தப்பு. மேலதான் வரணும்” என்றேன். அவர் சரி என்று ஆட்களிடம் சொல்லத் திரும்பிவிட்டார். நான் மட்டும் கீழே பார்த்தேன். முதல் மாடி பால்கனிக்குப் போன வாரமே கான்கிரீட் போட்டாகிவிட்டது. வேறு ஆட்கள் கட்டியது. படத்தில் இருந்தபடி கட்டியிருக்கிறார்கள்.

அன்று இரவு நான் போட்ட மனக்கணக்கைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். மேல் மாடிகளுக்குப் படத்தைத் திருத்திக் கொடுத்துவிடலாம். முதல் மாடியில் நிற்கப்போகிறவர்கள் நாலைந்து பேர்தானே. கொஞ்சம் விரிசல் வந்தால் பூச்சுவேலை என்று சொல்லிவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? கம்பி உள்ளே போய்விட்டால் கண்ணுக்கா தெரியும்?

காலையில் சார் வந்ததும் நேராகப் போய்ச் சொல்லிவிட்டேன். தைரியத்தில் இல்லை, தூக்கம் வராத களைப்பில். அவர் கேட்டது ஒரே கேள்வி: “முட்டு எடுத்துட்டாங்களா?” இல்லை என்றேன். போனை எடுத்து, முதல் மாடி பால்கனிக்கு அடியில் தாங்கி நிற்கும் முட்டுக்கம்பம் ஒன்றைக்கூட அசைக்கக் கூடாது என்று சைட்டுக்குச் சொன்னார். பிறகு என்னையும் அழைத்துக்கொண்டு வீட்டுக்காரரிடம் போனார். “எங்கள் படத்தில் தவறு. இடித்துவிட்டு எங்கள் செலவில் போட்டுத் தருகிறோம்” என்றார். ‘இந்தப் பையன்’ என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. திரும்பும்போது நான் மன்னிப்பு கேட்டேன். “படம் நீ போட்டே. கையெழுத்து யாருது?” என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆபீஸில் எல்லோரையும் உட்காரவைத்து, என் கையில் சாக்பீஸைக் கொடுத்தார். அந்தத் தவறை நானே பலகையில் வரைய வேண்டும். எப்படி நேர்ந்தது என்றும் சொல்ல வேண்டும். வரைந்தேன். கை நடுங்கியதில் பால்கனியே கோணலாக வந்தது. நான் முடித்ததும் அவர் எழுந்து வந்து, பக்கத்திலேயே தன்னுடைய பழைய தவறு ஒன்றை வரைந்தார். தண்ணீர்த் தொட்டி ஒன்றில் காற்றின் பாரத்தைச் சேர்க்க மறந்த கதை. அதற்கடுத்து இன்னொரு சீனியர் எழுந்தார். அன்று வீட்டுக்குப் போகும்போது மணி ஒன்பது.

கூச்சம் அன்றைக்குத்தான் போனது. திறமை வந்துவிட்டது என்பதால் இல்லை. அவர்கள் தங்கள் தவறுகளை என்னிடம் சொன்னார்கள். வெளி ஆளிடம் யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். உங்கள் ஆபீஸில் அப்படி ஒரு சாயங்காலம் உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தக் கூச்சத்தில் குறை உங்களுடையது மட்டும் இல்லை.

நர்ஸாக இருக்கிறேன். இரவு டியூட்டியில் ஒரு சீனியர் அக்கா, ஒரு நோயாளிக்கு மருந்தின் அளவை மாற்றிக் கொடுத்துவிட்டார். நல்லவேளை, நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. சார்ட்டில் எழுதவில்லை. ‘நமக்குள்ள இருக்கட்டும்’ என்றார். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் அவர். நான் வெளியே சொன்னால் காட்டிக்கொடுத்தவள் ஆவேனா?

சிஸ்டர், உங்கள் கடிதம் வந்த அன்றே தனியாகப் பதில் எழுதிவிட்டேன். இதழ் வரும்வரை காத்திருக்கிற விஷயமில்லை இது. அதில் எழுதியதைச் சுருக்கி இங்கே தருகிறேன். முதலில் அந்த அக்காவிடம் போங்கள். “அக்கா, நீங்களே டாக்டரிடம் சொல்லி எழுதிடுங்க, நான் பக்கத்தில் நிற்கிறேன்” என்று கேளுங்கள். டியூட்டி முடிவதற்குள் அவர் சொல்லவில்லை என்றால் நீங்கள் சொல்லுங்கள். முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிட்டுச் செய்தால் அதில் காட்டிக்கொடுத்தல் எங்கே வந்தது?

மற்றவர்களுக்காக இரண்டு விஷயம்.

நம் மொழியில் ‘நாங்கள்’ வேறு, ‘நாம்’ வேறு. எதிரில் இருப்பவரைச் சேர்க்காமல் சொன்னால் நாங்கள். சேர்த்துச் சொன்னால் நாம். அந்த அக்கா ‘நமக்குள்ள’ என்று சொல்லி உங்களை உள்ளே இழுத்துக்கொண்டார். அதே வாயால், கட்டிலில் படுத்திருந்தவரை வெளியே நிறுத்திவிட்டார். மருந்து போனது அவர் உடம்புக்குள். ‘நாம்’ என்பதில் முதல் இடம் அவருக்கு.

இன்னொன்று, ஒரு விமான விபத்து. 1974 டிசம்பர் 1. வாஷிங்டனுக்கு அருகே டல்லஸ் விமான நிலையத்தில் இறங்க வந்துகொண்டிருந்த டி.டபிள்யூ.ஏ. 514 விமானம் மலையில் மோதியது. உள்ளே இருந்த 92 பேரும் இறந்தார்கள். கீழிருந்து தரையிறங்க அனுமதி கிடைத்ததுமே, வரைபடத்தில் இருந்த தாழ்ந்த உயரத்துக்கு இறங்கலாம் என்று விமானிகள் புரிந்துகொண்டார்கள். அனுமதி கொடுத்தவர்கள் அதே வார்த்தையை வேறு மாதிரி வைத்திருந்தார்கள். விசாரணையில் வெளிவந்த விஷயம்தான் வயிற்றைக் கலக்குகிறது: ஆறு வாரங்களுக்கு முன்பு இன்னொரு நிறுவனத்தின் விமானம் ஒன்று அதே இடத்தில், அதே குழப்பத்தில், மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த விமானிகள் தங்கள் நிறுவனத்தில் சொன்னார்கள். நிறுவனமும் தன் விமானிகளை எல்லாம் எச்சரித்தது. தன் விமானிகளை மட்டும். அதாவது ‘நமக்குள்ள’ இருந்தது.

அதன்பின் 1976-ல் அமெரிக்காவில் ஓர் ஏற்பாடு வந்தது. விமானியோ, தரையிலிருந்து வழிநடத்துபவரோ, தன் தவறை, தப்பிப் பிழைத்த கதையை, எழுதி அனுப்பலாம். கடிதங்களை வாங்குவது லைசென்ஸைப் பறிக்கும் அதிகாரமுள்ள துறை இல்லை, நாசா. பெயரை எடுத்துவிட்டு மற்றவர்கள் படிக்கத் தருவார்கள். தெரிந்தே செய்த தவறும் விபத்தும் குற்றமும் இதில் சேராது. மற்றபடி, பத்து நாளுக்குள் எழுதி அனுப்பியவருக்கு, விதியை மீறியது பின்னால் தெரியவந்தாலும், தண்டனையிலிருந்து பெரும்பாலும் விலக்கு உண்டு. எங்கள் சனிக்கிழமைச் சாக்பீஸுக்கு ஒரு நாடு அளவில் பலகை வைத்தது போல.

உங்கள் ஆஸ்பத்திரியில் இப்படி எழுத ஒரு படிவம் இருக்கலாம், எங்கோ ஓர் அலமாரியில் தூசி படிந்து. தேடி எடுங்கள்.

கவுன்சில், சங்கம், நன்னடத்தைக் குழு எல்லாம் தங்கள் ஆட்களைத் தாங்களே காப்பாற்றிக்கொள்ளும் ஏற்பாடு. டாக்டரைப் பற்றி டாக்டர் விசாரித்தால் என்ன ஆகும் என்று குழந்தைக்கும் தெரியும். நீங்கள் அதற்குப் பூமாலை போடுகிறீர்கள்.

கோபத்தில் பாதிக்கு மேல் நியாயம் இருக்கிறது. 1847-ல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். பிரேதப் பரிசோதனை செய்துவிட்டு வரும் மருத்துவர்களும் மாணவர்களும் பிரசவம் பார்த்த வார்டில் தாய்மார்கள் காய்ச்சலில் செத்துக்கொண்டே இருந்தார்கள். மருத்துவச்சிகள் பார்த்த வார்டில் அந்த அளவுக்கு இல்லை. குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவச் சொன்னார். சாவு மளமளவென்று குறைந்தது. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்? ஆனாலும் பெரிய பெரிய மருத்துவர்கள் ஏற்கவில்லை. அதை ஏற்றால், இதுவரை செத்தவர்களைக் கொன்றது தங்கள் கைதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். 1865-ல் அவர் ஒரு மனநல விடுதியில் இறந்துபோனார்.

மறுபக்கமும் ஒன்று. 1981 ஜூலை 17, அமெரிக்காவில் கான்சாஸ் நகரத்து ஹயாத் ஹோட்டலில் நடனம் நடந்துகொண்டிருந்தபோது, அந்தரத்தில் தொங்கிய இரண்டு நடைபாலங்கள் விழுந்து 114 பேர் இறந்தார்கள். முதல் டிசைனில், மேல் பாலமும் கீழ்ப் பாலமும் கூரையிலிருந்து வரும் ஒரே நீளக் கம்பியைத் தனித்தனியாகப் பிடித்துத் தொங்கின. வேலை சுலபமாகட்டும் என்று அதை இரண்டாக்கினார்கள்: மேல் பாலம் கூரையில் தொங்கும், கீழ்ப் பாலம் மேல் பாலத்தில் தொங்கும். ஒரு கயிற்றில் இரண்டு பேர் தொங்குவது ஒன்று. ஒருவன் காலை இன்னொருவன் பிடித்துத் தொங்குவது வேறு. மேலே இருப்பவன் கைப்பிடிக்கு இரண்டு மடங்கு பாரம். அந்த மூட்டுக்கு யாருமே கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. படத்தில் மட்டும் இன்ஜினியரின் முத்திரை விழுந்தது.

பொறுப்பான இன்ஜினியர்கள் மிசோரியில் லைசென்ஸை இழந்தார்கள். அவர்களில் தலைமைப் பொறுப்பிலிருந்த ஜாக் கில்லம் பிற்பாடு பல ஆண்டுகள் இன்ஜினியர் கூட்டங்களில் போய் அந்த மூட்டைப் பற்றியே பேசினார். செத்தவர்களுக்கு இதனால் ஒரு பயனும் இல்லை, தெரியும். ஆனால் உலகம் முழுக்க இன்ஜினியரிங் மாணவர்கள் இன்று அந்த மூட்டை வரைந்து படிக்கிறார்கள். பூமாலை நான் போடவில்லை. கூட்டம் தவறை மறைக்கவும் பயன்படும், சொல்லித்தரவும் பயன்படும். எதற்கு என்பதை உள்ளே இருப்பவர்கள்தான் ஒவ்வொரு முறையும் முடிவு செய்கிறார்கள். பல முறை தப்பாகவே முடிவு செய்கிறார்கள்.

22 வருஷமாக ஒயரிங் வேலை. படிப்பு பத்தாவது. சுவருக்குள் போன பைப்பை யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரியும். ஆனாலும் எர்த் சரியாக இருக்கிறதா என்று சோதிக்காமல் பூசவிட மாட்டேன். இதனால் காண்ட்ராக்டரோடு சண்டை. இது நீங்கள் சொல்கிற தொழிலில் சேருமா, வெறும் கூலி வேலையா?

அண்ணே, கேள்விக்குள்ளேயே பதிலை வைத்துவிட்டுக் கேட்கிறீர்கள். கூலி கொடுப்பவர் வேண்டாம் என்று சொன்ன பிறகும், பின்னாளில் அந்தச் சுவரைத் தொடப்போகிற முகம் தெரியாத ஒரு குழந்தைக்காகச் சண்டை போடுகிறீர்களே, அதைவிட வேறென்ன வேண்டும்?

என் பால்கனியைக் காப்பாற்றிய மேஸ்திரிக்கும் டிகிரி கிடையாது. லண்டனில் 1540 முதல் 1745 வரை அறுவை மருத்துவர்களும் முடிதிருத்துபவர்களும் ஒரே சங்கம். அந்தக் காலத்தில் பட்டம் வாங்கிய ‘டாக்டர்’ என்றால் மருந்து எழுதுபவர்தான். கத்தி பிடிப்பவர் பயிற்சியில் தேறிவந்தவர். அந்த நினைவில்தான் பிரிட்டனில் இன்றும் அறுவை மருத்துவர்களை ‘மிஸ்டர்’ என்கிறார்கள். அவர்களும் அதைப் பெருமையாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள்! நியூயார்க்கின் புரூக்ளின் பாலம் 1883-ல் திறந்தது. தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங், நீருக்கடியில் அஸ்திவாரம் போட்டபோது வந்த நோயில் படுத்துவிட்டார். அவர் மனைவி எமிலிதான் கணிதமும் கம்பிவடமும் கற்றுக்கொண்டு, பத்து வருடத்துக்கு மேல் அவருக்கும் வேலைத்தளத்துக்கும் நடுவே நின்று வேலையை நடத்தினார். அவருக்கும் இன்ஜினியரிங் பட்டம் இல்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். படிப்பும் லைசென்ஸும் வெறும் காகிதம் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடாதீர்கள். தப்பு செய்தால் பறிப்பதற்கு என்று ஒன்று இருக்க வேண்டும். உங்கள் பகுதியில் ஒயரிங்குக்கு லைசென்ஸ் தேர்வு இருந்தால் எழுதிவிடுங்கள். காண்ட்ராக்டரோடு சண்டை போடும்போதும் அது பக்கத்தில் நிற்கும்.

டாக்டர்களுக்கு உறுதிமொழி உண்டு. மற்றவர்களுக்கு ஏன் இல்லை? உறுதிமொழி எடுத்தால் ஆள் மாறிவிடுவாரா?

மாற மாட்டார். ஆனால் பழைய கிரேக்க உறுதிமொழியில், ஹிப்போகிராட்டஸ் பெயரில் வழங்குவதில், எனக்குப் பிடித்த ஒரு வரி உண்டு. கல்லடைப்புக்குக் கத்தி வைக்க மாட்டேன். அதை அந்த வேலை தெரிந்தவர்களுக்கு விட்டுவிடுவேன் என்று வருகிறது. ‘எனக்கு இது தெரியாது’ என்பதையே சத்தியத்தில் சேர்த்துவிட்டார்கள் பாருங்கள். எங்கள் தொழிலில் அந்த ஒரு வரியைப் பாதிப் பேர் கடைப்பிடித்தால் எத்தனையோ கட்டடம் நேராக நிற்கும்.

இன்ஜினியர்களுக்குக் கனடாவில் ஒரு சடங்கு இருக்கிறது. 1925-ல் தொடங்கியது. படிப்பு முடித்தவர்கள் உறுதி சொல்லிவிட்டு, வேலை செய்யும் கையின் சுண்டுவிரலில் ஓர் இரும்பு மோதிரம் போட்டுக்கொள்வார்கள். ஏன் சுண்டுவிரல் என்றால், எழுதும்போது காகிதத்தில் உரசுவது அந்த விரல்தான். கையெழுத்துப் போடும் ஒவ்வொரு முறையும் உரசும்.

கியூபெக் பாலம் விழுந்த இரும்பில் அந்த மோதிரங்களைச் செய்தார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. கதைதான், உண்மை இல்லை. பாலம் விழுந்தது உண்மை. 1907 ஆகஸ்ட் 29, பாதி கட்டிய நிலையில் இடிந்து 75 தொழிலாளர்கள் இறந்தார்கள். நடுவில் இரண்டு தூண்களுக்கு இடையிலான தூரத்தை 1,600 அடியிலிருந்து 1,800 அடியாக்கினார்கள், அதன் சொந்த எடையைச் சரியாகத் திருப்பிக் கணக்கிடவில்லை. அடிப்பகுதி இரும்புகள் வளைவதை வேலைத்தளத்தில் இருந்த இளம் பொறியாளர் பார்த்துவிட்டு, நியூயார்க்கிலிருந்த ஆலோசகர் தியடோர் கூப்பரிடம் ரயிலேறிப் போய்ச் சொன்னார். இனி பாரம் ஏற்றாதீர்கள் என்று கூப்பர் தந்தியும் கொடுத்தார். அது பாலத்துக்குப் போய்ச் சேரவில்லை. இரும்பு செய்த நிறுவனத்துக்குப் போனது. அன்று மாலை வேலை முடியும் நேரத்தில் பாலம் விழுந்துவிட்டது.

எனக்கு மோதிரம் கிடையாது. சாக்பீஸ்தான்.

இப்போது எல்லாக் கணக்கும் கம்ப்யூட்டர் போடுகிறது. இனி இன்ஜினியர், ஆடிட்டர் எல்லாம் எதற்கு?

1978 ஜனவரி 18 விடிகாலை, அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்ட் நகரத்து விளையாட்டரங்கின் கூரை பனியின் பாரத்தில் அப்படியே கீழே இறங்கியது. சில மணி நேரம் முன்புதான் கூடைப்பந்தாட்டம் பார்த்த சுமார் 5,000 பேர் எழுந்து போயிருந்தார்கள். அந்தக் கூரையை டிசைன் செய்தது அன்றைய புதுமையான கம்ப்யூட்டர் கணக்கு. கட்டும்போதே கூரை, கணக்கு சொன்னதைப் போல இரண்டு மடங்கு தொய்ந்தது. அளந்து சொன்னார்கள். கவலை வேண்டாம் என்று பதில் வந்தது. கம்ப்யூட்டரை நம்பினார்கள், அளவு நாடாவை நம்பவில்லை.

எங்கள் சார், கணக்கைத் தொடும் முன் “சும்மா பார்த்துச் சொல்லு, எவ்வளவு கம்பி வரும்?” என்று கேட்பார். வாய்க்கு வந்ததைச் சொல்வோம். பிறகு விடை அதோடு ஒத்துப்போகாவிட்டால், இரண்டில் எது தப்பு என்று கண்டுபிடிக்காமல் சாப்பிடப் போக முடியாது. அந்தக் கேள்வியைக் கேட்க ஓர் ஆள் வேண்டும். பாலம் விழுந்தால் கம்ப்யூட்டரை யாரும் விசாரணைக்குக் கூப்பிடப்போவதில்லை.

சிவில் இன்ஜினியர் நான். சைட்டில் படம் என்னுடையது, பொறுப்பும் என்னுடையது. இருந்தும் தினமும் ஒருவராவது ‘சார் எப்ப வருவாரு மேடம்?’ என்று கேட்கிறார். எத்தனை வருடம் இதைக் கேட்டுக்கொண்டிருப்பது?

“வந்தாச்சு, சொல்லுங்க” என்று சொல்லிவிட்டுப் படத்தை விரியுங்கள். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. ஆண் நான், இதில் அனுபவமும் இல்லை. ஒரு தகவல் மட்டும். இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவரான ஏ.லலிதா 1943-ல் கிண்டியில் பட்டம் பெற்றார். சான்றிதழில் ஆணைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை முன்கூட்டியே அச்சடித்து வைத்திருந்தார்கள். அதை அடித்துவிட்டுப் பெண்ணைக் குறிக்கும் சொல்லைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். தமிழில் அச்சடித்திருந்தால் ‘அவர்’ என்று போட்டு, அடிக்காமலே கொடுத்திருக்கலாம்.

ஓய்வு பெற்ற பிறகு, நீங்கள் போட்ட கட்டடங்களைப் போய்ப் பார்ப்பதுண்டா?

பார்ப்பதில்லை என்று சொல்லத்தான் ஆசை. எந்தத் தியேட்டருக்குப் போனாலும் கூரையில் விரிசல் தேடுகிறேன் என்று வீட்டில் திட்டு வேறு. போன மாதம் அந்த நாலு மாடிக் கட்டடப் பக்கம் போக நேர்ந்தது. எதிர்ப்பக்கம் நின்று முதல் மாடி பால்கனியைப் பார்த்தேன். யாரோ பூந்தொட்டிகளை நுனியில் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். எல்லாம் சிமென்ட் தொட்டி. எண்ணினேன், பதினொன்று. ஓர் அம்மா வந்து தண்ணீர் ஊற்றிவிட்டுக் கைப்பிடியில் சாய்ந்து நின்றார்; நான் நின்று பார்ப்பதைப் பார்த்துவிட்டு, யார் வேண்டும் என்று மேலிருந்தே கேட்டார். யாருமில்லைம்மா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். ஈரமண்ணோடு பதினொரு தொட்டி, அந்த அம்மா, கூட இன்னும் நாலு பேர். தாங்கும்.